ஈ இல்லாத தந்தி

மூன்றாம் வகுப்பில் பாதியிலேயே தறிக்கு வந்து உட்கார்ந்தவளிடம், "இங்கிலீஷ்ல ஜனங்க அதிகமாத் தப்பா எழுதற வார்த்தை எது அம்முச்சி?" என்று கேட்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா? பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யார் யாரோ எழுதியதில் பிழை பொறுக்குகிறவள் நீ. கூலி வாங்கிக்கொண்டு கல் பொறுக்குகிறவள், அடுப்படியில் இருப்பவளிடம் வந்து கல் எது அரிசி எது என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. உன் தாத்தா கதையைக் கறக்க வேண்டுமென்றால் நேராகக் கேள். இப்படிச் சுற்றி வந்து மடியைப் பிடிக்காதே.

எனக்கு எழுத்துப் பிசகாமல் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை ஒன்றுதான். அதைக் கற்றுக்கொள்ள ஒரு பகல் முழுக்க நான் பட்ட பயம் உனக்கு வேண்டாம். கேட்டுவிட்டாய், இனி எழுந்து போகக் கூடாது.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். காரமடைக்குப் பக்கத்தில் இதே தெருதான், இதே வீடுதான். வீட்டில் ஆறு கைத்தறி ஓடியது. தெருவில் ஒரு வீட்டிலும் போன் கிடையாது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு முப்பது சிவப்புச் சேலை நெய்து தர வேண்டியிருந்தது. நூலுக்குச் சாயம் போட உன் தாத்தா திருப்பூருக்குப் போனார். அங்கே ஆற்றோரம் ஒரு சாயப்பட்டறை. வருஷத்தில் இரண்டு தடவை போவார், ஒரு நாளில் வந்துவிடுவார்.

கிளம்புகிற அன்று காலையில் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஏம்புள்ள, நெஞ்சு கரிக்குது."

"நெஞ்சுல ஒண்ணுமில்லீங்க. நேத்துச் சந்தையில தின்ன போண்டா, கீழ எறங்கறதா மேல ஏறறதான்னு யோசிச்சுக்கிட்டு இருக்குது."

அவர் சிரிக்கவில்லை. நூல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான்தான் சிரித்தேன்.

மறுநாள் வரவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை. பத்து மணி இருக்கும், தந்திக்காரர் சைக்கிளை வாசலில் சாய்த்தார். அந்தக் காலத்தில் தந்தி என்றால் பிரிப்பதற்கு முன்பே பாதித் தெரு அழ ஆரம்பித்துவிடும். கையெழுத்துப் போடப் பேனாவைக் கொடுத்தார். என் பெயரில் இருக்கிற கொம்பும் காலும் எனக்கு மறந்துபோயிற்று. கைநாட்டு வைத்தேன்.

"என்னங்க எழுதியிருக்குது?"

"எனக்கு அட்ரஸ் மட்டுந்தானுங்க படிக்கத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை மிதித்த வேகத்திலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று, அவருக்குப் படிக்கத் தெரியும் என்று.

மூன்றாம் வீட்டில் ஒரு டீச்சர் குடியிருந்தார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாடம். நல்ல பெண், ஆனால் ஸ்பெல்லிங் என்று வந்துவிட்டால் பத்ரகாளி. பஸ் ஸ்டாண்டு ஓட்டல் போர்டில் 'ரெஸ்டாரெண்ட்' என்பதில் ஒரு எழுத்து இடம் மாறியிருக்கிறதென்று, உள்ளே போய்ச் சாப்பிடாமலே வெளியே வந்தவர். 'ரிசீவ்' என்பதில் எந்த எழுத்து முதலில் வரும், 'செப்பரேட்' நடுவில் 'ஏ' வருமா 'ஈ' வருமா என்று மாலையானால் அவர் வீட்டில் பிள்ளைகள் கத்துவது என் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். தந்தியை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன். பின்னாலேயே எதிர்வீட்டுப் பெரியம்மாவும் வந்தார். யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் வந்து நிற்கிறவர் அவர்.

டீச்சர் தந்தியை வாங்கிப் படித்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி ஆயிற்று.

"அண்ணன் எங்க போயிருக்காருங்க அக்கா?"

"நூல் விசயமா திருப்பூருக்குங்க."

அவ்வளவுதான் சொன்னேன். சாயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வாயைத் திறந்தால் மூடாதவள் நான், அன்றைக்குப் பார்த்து அளந்து பேசினேன்.

"படிங்க டீச்சர்."

"டையிங் டுடே. கம் வித் மேரேஜ் சாரி. கீழ அண்ணன் பேரு."

"தமிழ்ல சொல்லுங்க."

அவர் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "இன்னிக்குச் சாகக் கெடக்கறேன். கல்யாணச் சேலையோட வா."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. தறிச் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது. உண்மையிலேயே நின்றுதான் போயிருந்தது, தறிக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"தப்பா எழுதியிருப்பாங்களோ டீச்சர்? இன்னொருக்காப் பாருங்க."

"பாத்துட்டனுங்க. டி, ஒய், ஐ, என், ஜி. அஞ்சு எழுத்தும் சரியா இருக்குது. எங்கிட்டப் படிக்கற பிள்ளைக பத்துப் பேருல எட்டுப் பேரு இதைத் தப்பாத்தான் எழுதும். இது சுத்தமா இருக்குதுங்க அக்கா."

அந்தச் சுத்தம்தான் என்னைக் கொன்றது. தப்பாக எழுதியிருந்தால் ஏதாவது நம்பிக்கை வைத்திருக்கலாம். சாவு சரியான ஸ்பெல்லிங்கில் வந்திருந்தது.

"அவரே தந்தி அடிச்சிருக்காரே. அப்ப உசுரு இருக்குதில்லைங்க?"

"யாரையாச்சும் விட்டு அடிக்கச் சொல்லியிருப்பாருங்க" என்றார் டீச்சர். "சித்தெகூடத் தாமசம் பண்ண வேண்டாம், நானும் வாரேன்."

பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் இருந்தார்கள். அவர்களுக்குத் தந்தி அடிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். போய்ப் பார்த்துவிட்டு அடிக்கலாம். ஒரு தந்தி போதும் அன்றைக்கு.

என் கல்யாணக் கூறைச்சேலை பெட்டிக்குள் அடியில் இருந்தது. சாவியைத் துவாரத்தில் நுழைக்க என்னால் முடியவில்லை. பெரியம்மாதான் திறந்தார். பாச்சை உருண்டை வாசம் முகத்தில் அடித்தது. அரக்குச் சிவப்பு, துளி மங்கவில்லை. அதைப் பைக்குள் திணிக்கப் போனேன்.

"பையிலயா கொண்டு போறே?" என்றார் பெரியம்மா. "கண்ணு மூடப்போற மனுசன் மூட்டையைப் பாக்கவா ஆசப்படுவாரு? கட்டிக்கிட்டுப் போ அம்மணி."

"டீச்சர், 'வித்'துன்னா எடுத்துக்கிட்டு வர்றதா, கட்டிக்கிட்டு வர்றதா?"

"'வித்'துன்னா 'கூட'ங்க. ரெண்டும் வரும்."

இங்கிலீஷ்காரர்கள் இதற்குக்கூட ஒரு தனி வார்த்தை வைக்கவில்லை. கட்டிக்கொண்டேன். கல்யாண ரவிக்கை கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை, பச்சை ரவிக்கை ஒன்றைப் போட்டேன். கொசுவம் நிற்கவில்லை, டீச்சர் மடித்துச் சொருகினார். பெரியம்மா எங்கிருந்தோ மல்லிகைப்பூ கொண்டுவந்தார். "நல்லா நெறைய வெச்சுக்க அம்மணி, இன்னிக்குத்தான்..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் முடிக்காத அந்தப் பேச்சை நான் திருப்பூர் வரைக்கும் தலையில் சுமந்துகொண்டு போனேன். பூ ஒரு கனமா என்ன, அன்றைக்குக் கழுத்து வலித்தது.

காந்திபுரத்தில் இறங்கித் திருப்பூர் பஸ் ஏறினோம். உச்சி வெயில். ஐம்பது வயதுப் பொம்பளை, பச்சை ரவிக்கை, சிவப்புக் கூறை, தலை நிறையப் பூ. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"ஏனுங்க, கல்யாணங்களா?"

"ஆமாங்க."

"யாருக்குங்க?"

"எனக்குத்தானுங்க. மாப்பிள்ளை திருப்பூர்ல காத்துக்கிட்டு இருக்காரு. தாமசமானா கெளம்பிப் போயிருவாரு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பயம் வந்தால் சிலருக்குப் பேதியாகும், எனக்குக் கேலி வரும். அந்த அம்மா சிரித்தார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

அவர் கிளம்பும்போது நான் பேசிய கேலியைத்தான் வழியெல்லாம் நினைத்தேன். நெஞ்சு கரிக்கிறது என்று ஒரு மனுஷன் வாய் விட்டுச் சொன்னார். உட்காருங்க என்று சொல்லி ஒரு சுக்குக் காப்பி வைத்துக் கொடுத்திருக்கலாம். நான் போண்டாவை வைத்துச் சிரித்தேன். கடைசியாக அவர் காதில் விழுந்தது என் சிரிப்புத்தான் என்றால், அதற்கப்புறம் எந்த வாயால் நான் சிரிப்பது? கருமத்தம்பட்டி தாண்டும்போது வேண்டிக்கொண்டேன்: அவர் உயிரோடு இருந்தால் இனி கேலியே பேச மாட்டேன். என்னால் முடியாதென்று சாமிக்கும் தெரியும், ஆனாலும் வேண்டிக்கொண்டேன்.

"டீச்சர், இன்னொருக்காப் படிங்க."

படித்தார். அதேதான் இருந்தது. அப்புறம் அவருக்கும் தாங்கவில்லை. வழியில் வருகிற கடை போர்டுகளை வாய்க்குள் படித்து, "இதுல ரெண்டு எம் வரோணும்... இது தப்பு... இதுவும் தப்பு" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சாமி பேரைச் சொல்கிற மாதிரி இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். உலகத்தில் இத்தனை தப்பு எழுதுகிறார்கள், எனக்கு வந்த ஒன்றில் மட்டும் ஏன் தப்பில்லை?

எந்த ஆஸ்பத்திரி என்று தந்தியில் இல்லை. பட்டறைக்குப் போனால் தெரியும் என்று ஆட்டோ பிடித்து ஆற்றோரம் போனோம். இறங்கியதும் நான் நின்றுவிட்டேன். பட்டறைக்குள்ளிருந்து வாய்க்காலில் சிவப்பாகத் தண்ணீர் வந்தது. ஆவி பறக்க, நுரைத்துக்கொண்டு, என் கால் பக்கமாக ஓடியது. சாயத் தண்ணீர் என்று எனக்குத் தெரியாதா? நாற்பது வருஷமாக நூலோடு புழங்குகிறவள். ஆனால் அந்த நேரத்தில் அது எனக்குச் சாயமாகத் தெரியவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, நான் இங்கயே நிக்கறேன்" என்றேன். டீச்சர் நகரவில்லை. கேட்டுக்கு மேலே இருந்த போர்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய பெரிய இங்கிலீஷ் எழுத்து.

"இது என்ன பட்டறைங்க அக்கா?"

"சாயப்பட்டறைங்க."

"சாயமா? அண்ணன் சாயம் போடவா வந்தாரு?"

"ஆமாங்க. அதுக்கென்ன இப்ப?"

டீச்சர் தந்தியை விரித்தார். போர்டைப் பார்த்தார். மறுபடி தந்தியைப் பார்த்தார்.

"ஈ இல்லீங்க அக்கா."

ஈ எங்கே மொய்க்கும் என்று எனக்குத் தெரியும். "ஈ இல்லாட்டி உசுரு இருக்குதுன்னுதானுங்களே அர்த்தம்? எங்க இருக்காரு? நீங்க பாத்தீங்களா?"

"அந்த ஈ இல்லீங்க. இங்கிலீஷ் எழுத்து 'ஈ'. சாயம் போடறதும் டையிங்குதான், சாகறதும் டையிங்குதான். சாயத்துக்கு நடுவுல ஒரு ஈ போடோணும். இவங்க போர்டுலயும் போடல, தந்தியிலயும் போடல."

"புரியலைங்க. அவரு இருக்காரா இல்லையா?"

"இருப்பாருங்க அக்கா. சாயம் போடறோம்னு எழுதியிருக்காருங்க."

எங்கள் ஊரில் ஈ மொய்த்தால் சாவு. இவர்களுக்கு ஈ இல்லாவிட்டால் சாவு. இதை எப்படி நம்புவது? டீச்சர் மூன்று தடவை எழுத்துக் கூட்டிச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன், ஆனால் கேட்டை விட்டுக் கை வரவில்லை. எழுத்தை நம்பித்தானே காலையிலிருந்து செத்துக்கொண்டிருந்தேன், மறுபடி எழுத்தையே எப்படி நம்புவேன்? எனக்கு ஆள் வேண்டியிருந்தது.

ஆள் வந்தார். தொட்டிக்குப் பின்னாலிருந்து, முழங்கை வரைக்கும் இரண்டு கையும் ரத்தச் சிவப்பாக. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏம்புள்ள, கட்டிக்கிட்டா வந்தே?" என்றார் உன் தாத்தா. "பையில கொண்டாரச் சொன்னா கட்டிக்கிட்டு வந்து நிக்கறே. மாத்துச் சேலை இருக்குதா?"

நான் ஈரத்தில் உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தார். "சேலை, சேலை, எந்திரி" என்றார். பெண்டாட்டி விழுந்ததற்குச் சேலையைத் தூக்கச் சொன்ன மனுஷன். அதைக் கேட்டபோதுதான் இவர் சாகவில்லை என்று எனக்கு நிச்சயமாயிற்று.

நடந்தது இதுதான். கடைக்காரர் கேட்டது பழைய அரக்குச் சிவப்பு. அந்தச் சிவப்பு என் கூறைச்சேலையில் இருக்கிறதென்று இவருக்குத் தெரியும், ஆனால் சேலையை என்னிடம் கேட்காமல் நிறத்தைக் கண்ணிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார். பட்டறையில் சாய மாஸ்டர் முதல் நாள் போட்டது செங்கல் நிறம், இரண்டாம் நாள் போட்டது தக்காளி. "வாயில சொன்னா கலர் வராதுங்க, மாதிரி கொண்டாங்க" என்று மாஸ்டர் கையைக் கழுவிவிட்டார். இவர் அங்கிருந்த கிளார்க்கிடம் போய், "இன்னிக்குச் சாயம் போடறோம், கல்யாணச் சேலையை எடுத்துக்கிட்டு வரச் சொல்லி ஒரு தந்தி அடிங்க" என்றிருக்கிறார். அதை இங்கிலீஷில் ஆக்கியவர் அந்தக் கிளார்க். போர்டுக்கு எழுதிக் கொடுத்ததும் அவரேதான்.

டீச்சர் தந்தியைக் கிளார்க் முன்னால் மேஜையில் வைத்தார். "சாரிக்கு மட்டும் ரெண்டு ஈ போட்டிருக்கீங்களே?"

"கரெக்ட் ஸ்பெல்லிங் அதுதானுங்களே மேடம்?"

"அதுல ஒண்ணை எடுத்து இங்க போட்டிருந்தா இந்தம்மா காலையில சோறு தின்னிருக்கும்."

மாற்றுச் சேலை கொண்டுவரவில்லை. அதனால் என்னையே மாதிரியாக வெயிலில் நிறுத்தினார்கள். மாஸ்டர் ஒரு சிட்டம் நூலை முக்கி எடுப்பார், பிழிந்து வெயிலில் காயவைப்பார், கொண்டுவந்து என் தோளில் முந்தானையோடு சேர்த்துப் பிடிப்பார். உன் தாத்தா தள்ளி நின்று பார்த்து, "இன்னும் கொஞ்சம் கருக்கோணும்" என்பார். மறுபடி முக்குவார்கள். அந்தச் சேலையில் அத்தனை நேரம் அவர் என்னைப் பார்த்தது கல்யாணத்தன்று கூட இல்லை. நான் அவர் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏறுகிறதா இறங்குகிறதா என்று. முந்தானை ஆடினால் நிறம் தெரியாது என்று மாஸ்டர் இரண்டு தடவை சொன்னார்.

"நெஞ்சு கரிக்குதுங்களா இன்னும்?"

"அது போண்டான்னு நீதான சொன்னே?"

"டாக்டர்கிட்டக் காட்டோணும்."

"என்ன புதுசா இருக்குது? குளுருதா உனக்கு? நடுங்கறே?"

"ஆமாங்க, குளுருது" என்றேன், அந்த வெயிலில்.

நாலு மணிக்கு நிறம் ஒத்துக்கொண்டது. நூல் முழுக்கச் சாயம் ஏற மறுநாள் ஆகும், இருந்து வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றார். நான் கேட்கவில்லை. "நூலு எங்கயும் ஓடாது, நீங்க வாங்க" என்று கையைப் பிடித்து பஸ் ஏற்றினேன். பிடித்த கையில் சாயம் என் கைக்கும் ஒட்டியது. வழியெல்லாம் அவர் தூங்கினார். தூங்குகிற மனுஷனின் மூக்குக்கு முன்னால் எத்தனை தடவை விரலை வைத்துப் பார்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

காந்திபுரத்தில் பஸ் மாறும்போது டீச்சர் என்னைத் தனியாக இழுத்தார். "அக்கா, தெருவுல இதைச் சொல்லாதீங்க. ஒரு எழுத்தைப் பாக்காமப் போயிட்டேன்னு தெரிஞ்சா பிள்ளைக மொகத்துல எப்படி முழிப்பேன்?"

"நான் பாத்துக்கறேன் டீச்சர்."

விளக்கு வைத்த நேரத்துக்கு ஊர் வந்து சேர்ந்தோம். எங்கள் வாசலில் பந்தல்காரர் இரண்டு பெஞ்சு இறக்கியிருந்தார். பெரியம்மா முன்யோசனைக்காரர். தெருவே உட்கார்ந்திருந்தது. உன் தாத்தா சிவந்த கையோடு நடந்து வருவதைப் பார்த்ததும் பெஞ்சில் இருந்த ஒருத்தர் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"என்ன கூட்டம்? யாருக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே அவர் கை கழுவ வீட்டுக்குப் பின்னால் பொடக்காணிக்குப் போனார். பெரியம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"சாகக் கெடக்கறேன்னு தந்தி வந்துச்சே அம்மணி. என்னதான் ஆச்சு?"

டீச்சர் கீழே பார்த்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். தலையில் வாடிப்போன பூவைச் சரிசெய்துகொண்டு சொன்னேன்:

"மனுசனுக்கு என்னைய விட்டுப்போட்டு ரெண்டு நாளு இருக்க முடியலைங்க. கல்யாணச் சேலையில ஒருக்காப் பாக்காட்டிச் செத்துப்போயிருவேன்னு தந்தி அடிச்சுப்போட்டாரு. போய் நின்னேன். பாத்தாரு. சாய்ந்தரம் வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்பறம் இனிச் சாகலைன்னு சொல்லி எந்திரிச்சு வந்துட்டாரு. நம்பிக்கை இல்லாட்டி டீச்சரைக் கேளுங்க, கூடத்தான் இருந்தாங்க."

"ஆமாங்க" என்றார் டீச்சர். "நானும் பாத்தேன்."

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "இந்த வயசுலயா?"

"வயசென்னுங்க வயசு? உங்க ஊட்டுக்காரரையும் ரெண்டு நாளு வெளியூருக்கு அனுப்பிப் பாருங்க, தந்தி வருதான்னு. பெஞ்சை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க, எனக்குப் பசிக்குது."